பத்து வருஷச் சலுகை

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க சார். எனக்குக் காத்து ஆகாது, தொண்டை கட்டிக்கும். சாயங்காலம் பேசணும். வந்தவாசிக்கு முன்னால ஒரு கூட்ரோடு வரும், அங்க எறங்கிடுவேன். நீங்க வந்தவாசியா? அப்ப சரி.

பேசணும்னா மேடையில. நான் கட்சிப் பேச்சாளர் சார். நோட்டீஸ்ல சொல்மாரி ஏகாம்பரம்னு போடுவாங்க. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பரவால்ல. தலைவருங்க வர்றதுக்கு முன்னால பேசறவன் நான். கூட்டம் ஆறு மணின்னு போட்டா அவங்க வர எட்டு ஆகும். நடுவுல ஜனம் கலையாம நிக்கணும் இல்ல? அதுக்குத்தான் நான். கார் லைட்டு தெரிஞ்சதும் நிறுத்திடணும். பாதி வாக்கியத்துலகூட நிறுத்தியிருக்கேன். முப்பது வருஷமா அதான் வேலை.

எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. கம்பெனிக்கு வரி போடற விஷயத்துல இப்ப எல்லாக் கட்சியும் ஒண்ணுதான். போடக்கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பேச்சை நம்ம மாவட்டத்துல முதல்ல பேசினது நான் சார். பெருமைக்குச் சொல்லல. பேசினேன், அவ்ளோதான்.

என் பொண்ணு எழிலரசி டிப்ளமோ முடிச்ச வருஷம் அது. மாவட்ட ஆபீஸ்ல பேச்சாளருங்க எல்லாருக்கும் வகுப்பு வெச்சாங்க. மெட்ராஸ்லேருந்து ஒரு புரொபசர் வந்தாரு. போர்டுல ஒரு கோடு போட்டாரு. மேல ஏறுது, வளையுது, கீழ எறங்குது. எருமை முதுகு மாதிரி. வரியை ஏத்திக்கிட்டே போனா ஒரு எடத்துக்கு மேல சர்க்காருக்கு வருமானம் கொறைய ஆரம்பிக்கும்னாரு. வரியைக் கொறைச்சா தொழில் பண்றவன் கையில காசு நிக்கும். அவன் இன்னொரு தொழில் போடுவான். அதுல நாலு பேருக்கு வேலை. அந்த நாலு பேரு கடைக்குப் போவாங்க. கடசீல சர்க்காருக்கு முன்னைவிட ஜாஸ்தியா வரும். வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்களே இதை நம்பி ஆட்சி நடத்தினாங்கன்னாரு.

பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தர் எழுந்து கேட்டாரு. "ஐயா, அந்த மேட்டுல நாம இப்ப ஏறுற பக்கம் நிக்கறோமா, எறங்கற பக்கம் நிக்கறோமா?" புரொபசர் கையில ஒட்டின சாக்பீஸ் தூளைத் தட்டினாரு. "அது ஆராய்ச்சிக்குரிய விஷயம்"னாரு. அதுக்குள்ள சாப்பாடு வந்துடுச்சு. பிரியாணி.

எருமை முதுகை மேடையில காட்ட முடியுமா? ஜனத்துக்குப் புரியற மாதிரி சொல்லணும். சாப்பிட்டுக்கிட்டே யோசிச்சேன். தோணுச்சு. "ஊர் நடுவுல தண்ணி டேங்க் இருக்குது. டேங்க் எங்க இருக்குது? ஒசரத்துல இருக்குது. ஒசரத்துல இருக்கறது ரொம்பினாத்தான் உன் வீட்டுக் குழாயில வரும். டேங்கை ரொப்பவிடாம கீழ இருந்தே நீ ஓட்டை போட்டா, உனக்கும் வராது, எனக்கும் வராது. வரிங்கறது அந்த ஓட்டை." அவ்ளோதான் சார். அன்னிக்கு சாயங்காலமே பேசிப் பாத்தேன். கை தட்டினாங்க. அடுத்த மாசம் ஒன்றியச் செயலாளர் பேசினாரு. அதுக்கு அடுத்த மாசம் மாவட்டச் செயலாளர் பேசினாரு, அவரை மாவட்டம்னுதான் சொல்லுவோம். செவுத்துல எழுதினாங்க. எழுதினவன் என் பேரைப் போடல. போடற வழக்கம் கெடையாது.

அப்பதான் அந்தக் கம்பெனி வந்துச்சு. வண்டிங்களுக்கு உள்ள ஓடற வயரெல்லாம் கட்டுக்கட்டா செய்யற கம்பெனி. பேரு வேணாம். வேலியப்பாக்கத்துல எடம் பாத்தாங்க. வேலியப்பாக்கம் என் சம்சாரம் வேதவல்லி பொறந்த ஊரு. அவ தம்பி துளசிங்கம்தான் அங்க ஊராட்சித் தலைவர். நம்ம கட்சிதான். கம்பெனி கேட்டது ஒண்ணே ஒண்ணு, பத்து வருஷம் எந்த வரியும் கூடாது. சர்க்கார் வரியைச் சர்க்கார் விட்டுக் கொடுத்துடுச்சு. ஊராட்சிக்குச் சேர வேண்டிய வரியை ஊராட்சி தீர்மானம் போட்டு விடணும்னாங்க. துளசிங்கம் இழுத்தான்.

மாவட்டம் என்னைக் கூப்பிட்டு, "ஏகாம்பரம், உங்க மச்சானை நீங்கதான் பேசி வழிக்குக் கொண்டாரணும்"னாரு. அவரு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதான் முதல் தடவை.

நானும் வேதவல்லியும் போனோம். துளசிங்கம் அதிகம் பேசமாட்டான். நெல்லு போடறவன். ரெண்டு தடவை எதிர்ப்பே இல்லாம ஜெயிச்சவன். அவன் சம்சாரம் பூங்காவனம் மீன் கொழம்பு வெச்சிருந்தது. சாப்பிட்டு முடிச்சு, வெத்தலை போட்டுக்கிட்டு ஆரம்பிச்சேன். டேங்க் கதையைச் சொன்னேன். அவன் முழுசாக் கேட்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க மேடையில சொல்ற டேங்க் வேற. எங்க ஊர் டேங்குக்கு மோட்டார் போடற ஆளுக்கு சம்பளம் தரணும். கரண்ட்டு பில்லு கட்டணும். தெரு லைட்டு, குப்பை, எல்லாம் இந்த வரியிலதான். கம்பெனி வந்தா ஊரு பெருசாகும். செலவு பெருசாகும். வரவு வேணாம்னு நாமே எழுதிக் கொடுக்கலாமா?"

"நீ டேங்கைப் பாக்கற. நான் டேங்குக்கு மேல இருக்கற மேகத்தைப் பாக்கறேன்"னேன்.

நல்ல வசனம் இல்ல சார்? அந்த நிமிஷம் வாயில வந்துச்சு. அப்புறம் ரெண்டு மூணு கூட்டத்துலயும் சொன்னேன்.

உள்ளேருந்து வேதவல்லி, "அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க"ன்னா.

"சொன்னேனே"ன்னேன்.

"பத்து வருஷம் கழிச்சு?"ன்னான் துளசிங்கம்.

"பத்து வருஷம் கழிச்சு வரி வரும். உன் பேரன் காலத்துக்கும் வரும். எழிலுக்கும் அங்கதான் வேலை சொல்லியிருக்காங்க."

அவன் அக்கா பக்கம் பாத்தான். எழிலுன்னா அவனுக்கு உசுரு. அவனுக்குப் பசங்க கெடையாது. பேரன்னு நான் சொன்னது வழக்கமா மேடையில சொல்றது, வாயில வந்துடுச்சு. கிராம சபையில நானே பேசினேன். எல்லாரும் கை தூக்கினாங்க. துளசிங்கம் கையெழுத்துப் போட்டான்.

கம்பெனி வந்துச்சு சார். சும்மா சொல்லக்கூடாது. வந்துச்சு. நீலக் கோட்டு போட்டுக்கிட்டு எழிலு வேலைக்குப் போனா. காலைல கம்பெனி பஸ் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். எதிர்ல இருக்கறவங்க பாப்பாங்க. அந்தப் பக்கம் ரூம் கட்டி வாடகைக்கு விட்டாங்க, ஓட்டல் வந்துச்சு, செல்போன் கடை வந்துச்சு. நான் பேசினது பொய்னு யாரும் சொல்ல முடியாது. வந்துச்சா இல்லையா? வந்துச்சு.

ரோடு போயிடுச்சு. அது லாரி ஓடினா போகத்தான் செய்யும். கம்பெனி உள்ள ஆழமா போர் போட்டாங்க, ஊர் போர்ல தண்ணி எறங்கிடுச்சு. மோட்டார் ரெண்டு தடவை எரிஞ்சு போச்சு. மோட்டார் போடற ஆளு சம்பளம் வரலைன்னு நின்னுட்டாரு, துளசிங்கமே போய்ப் போடுவான். வெளியூர்லேருந்து வேலைக்கு வந்த ஜனம் வேற. எல்லாருக்கும் தண்ணி வேணும். ஊராட்சியில ஒண்ணும் கெடையாது.

ஒருநாள் துளசிங்கம் கம்பெனிக்குப் போனான். வரி கேக்கல, மோட்டாருக்கு உதவி கேக்கப் போனான். வெள்ளை வேட்டி, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு. கேட்ல செக்யூரிட்டி ரூம்லயே உக்கார வெச்சுட்டாங்க. மத்தியானம் வரைக்கும். அப்புறம் ஒரு ஆளு வந்து டீ கொடுத்து, கம்பெனி பேர் போட்ட டைரி ஒண்ணு கொடுத்து, மேல எழுதிப் போட்டிருக்கோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எழிலு உள்ள லைன்ல வேலை செஞ்சிக்கிட்டு இருந்திருக்கா. மாமா வந்தது அவளுக்குத் தெரியாது. அப்புறமா யாரோ சொல்லி அழுதாளாம். டைரி நல்ல டைரி சார், தோல் அட்டை. நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். அவன் எதுக்குன்னு கேட்டான். கூட்டத் தேதி எழுத ஆகும்னேன்.

ஜனம் யாரைத் திட்டும்? கம்பெனியையா திட்டும்? கம்பெனி வேலை கொடுக்குது. தண்ணி கொடுக்க வேண்டியது தலைவர். குடத்தைத் தூக்கிக்கிட்டு துளசிங்கம் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க. அடுத்த எலெக்‌ஷன்ல கட்சி ஆதரவு அவனுக்கு இல்லன்னுட்டாங்க. ஊருக்குள்ள கெட்ட பேருன்னாங்க. வேற ஆளுக்குக் கொடுத்தாங்க. இவன் தனியா நின்னான். பேச என்னை அனுப்பினாங்க.

போகாம இருக்க முடியுமா சார்? கட்சி சொன்னா போகணும். எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? மேடை போட்டது அவன் தெருவுல. அவன் வீட்டு வாசலுக்கு நேர். நான் பேசினேன். டேங்க் இருக்கு, தண்ணி எங்கன்னு கேட்டேன். நிர்வாகத் திறமை இல்லாதவன் கையில ஊரைக் கொடுத்தா இதான் நெலமைன்னேன். நல்லா எடுபட்டுச்சு. பாதியில யாரோ ஒரு டம்ளரை மேடைக்கு நீட்டினாங்க. மெளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சின தண்ணி. சூடா இருந்துச்சு. என் தொண்டைக்கு அது ஒத்துக்கும்னு பூங்காவனத்துக்குத் தெரியும். துளசிங்கம் சம்சாரம்தான் குடுத்து விட்டிருந்தது. குடிச்சேன். தொண்டை தெளிஞ்சிடுச்சு. அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம் பேசினேன்.

துளசிங்கம் தோத்துட்டான்.

வேதவல்லி அன்னிலேருந்து தம்பி வீட்டுலதான் இருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். அவளுக்கு மூச்சிரைப்பு. அந்த ஊர் காத்து அவளுக்கு ஒத்துக்குது. லாரிப் புழுதி இருக்குதுதான். ஆனா ஒத்துக்குது. நாலஞ்சு வருஷமா அங்கதான். நான் போனா காப்பி கொடுப்பா. பேசமாட்டா, மூச்சு வாங்கும் இல்ல.

புதுத் தலைவர் வந்தும் தண்ணி வரல. அது வேற விஷயம்.

பத்தாவது வருஷம் வந்துச்சு. கம்பெனி இன்னொரு பத்து வருஷம் கேட்டுச்சு. சர்க்கார் யோசிக்கறோம்னாங்க. பக்கத்து மாநிலத்துல பதினஞ்சு வருஷம் தர்றோம்னாங்களாம். பொங்கலுக்கு லீவு விட்டாங்க. எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாங்க. எழிலு கொண்டாந்தா, மைசூர்பாகு. லீவு முடிஞ்சு போனா கேட்டு பூட்டிக் கெடக்குது. மெஷினெல்லாம் பொங்கலன்னிக்கே லாரியில ஏத்திட்டாங்களாம். கம்பெனி பஸ் வரலைன்னு ஷேர் ஆட்டோவுல போனவங்க அங்க போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. நீலக் கோட்டு போட்டுக்கிட்டு அத்தனை பொண்ணுங்களும் ரோட்டுல நின்னாங்க. யாரும் சத்தம் போடலையாம். எழிலு சொன்னா. "எல்லாரும் அட்டெண்டன்ஸ் கார்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னோம்ப்பா. எங்க காட்டறதுன்னு தெரியல"ன்னா.

அப்ப நாங்க எதிர்க்கட்சி. கேட்டு முன்னால பந்தல் போட்டு உண்ணாவிரதம். நான்தான் பேசினேன். "வரி வரின்னு மெரட்டி, தொழிலை ஊரை விட்டே வெரட்டின சர்க்கார் இது"ன்னேன். "டேங்க்ல ஓட்டை போட்டவன் யாரு?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணுங்க உக்காந்து கேட்டாங்க. எழிலும் அவங்க நடுவுல உக்காந்திருந்தா. என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

வீட்டுக்கு வந்து சோறு போட்டா. போட்டுட்டு எதிர்ல உக்காந்தா.

"அப்பா, அவங்க வரியே கட்டலையே. ஒரு நாள்கூடக் கட்டலையே. எந்த வரி வெரட்டுச்சு?"

"வரப்போற வரி"ன்னேன்.

"வரப்போற வரிக்குத்தானேப்பா மாமா பத்து வருஷம் காத்துக்கிட்டிருந்தாரு?"

அவளுக்கு அரசியல் புரியாது சார். டிப்ளமோ படிச்சவதான், ஆனா மெக்கானிக்கல். நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டேன். கோவம் வரல. எனக்கு ஒண்ணுமே வரல. கொஞ்ச நாளாவே அப்படித்தான். மேடையில ஏறினா சத்தம் வரும், எறங்கினா ஒண்ணும் இருக்காது. டாக்டர்கிட்டக் காட்டினேன். சர்க்கரை இருக்கு, மரத்துப் போகும்னாரு. காலைச் சொன்னாரு.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் கம்பெனியிலேருந்தே எழிலுக்கு போன் வந்துச்சு. பக்கத்து மாநிலத்துல புது எடம், பழகின ஆளுங்க வேணும், வர்றியான்னு. சம்பளம் முன்னைவிடக் கம்மிதான், பர்மனென்ட்டும் இல்ல. ஹாஸ்டல் இருக்குது. போயிட்டா. முப்பது வயசு ஆகுது. ஒரு வரன் வந்துச்சு, வேணாம்னுட்டா. ஆனா பாருங்க சார், எவன் வேலையை எடுத்தானோ அவனே கூப்பிட்டு வேலை கொடுக்கறான். நான் சொன்னது அதானே? தொழில் பண்றவனை விட்டுட்டா அவன் வேலை கொடுப்பான். கொடுத்தான் இல்ல? எங்க கொடுத்தான்ங்கறது வேற.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. சாப்பிட்டியாப்பாம்பா. சாப்பிட்டேம்பேன். அம்மாகிட்டப் பேசினியான்னு கேப்பேன். பேசினேம்பா. வெச்சுடுவா.

இப்ப வீட்டுல நான் மட்டும்தான். அது வசதிதான். எப்ப வந்தாலும் போனாலும் யாரையும் எழுப்ப வேண்டியதில்ல.

துளசிங்கத்தைச் சொல்ல வந்தேன். கூட்ரோடு வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

நெலம் தண்ணியில்லாம தரிசாப் போச்சு. அவன் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில சேந்துட்டான். அவங்க அவனை எங்க போட்டாங்க தெரியுமா? அதே கம்பெனி கேட்டுல. பூட்டிக் கெடக்கற கம்பெனிக்குக் காவல். காக்கிச் சட்டை, தொப்பி, விசில். அவனை மத்தியானம் வரைக்கும் உக்கார வெச்சாங்களே, அந்த ரூம்லதான் இப்ப அவன் உக்காந்திருக்கான்.

போன வாரம் புதுசா ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. கார் பாகம் செய்யறவங்களாம். அந்த எடத்தையும் பாக்கணும், இதோ நான் இப்பப் பேசப் போறேனே இந்த ஊர் எடத்தையும் பாக்கணும்னாங்க. மாவட்டம் கூட வந்தாரு. இப்ப நாங்கதான் ஆளுங்கட்சி. ஜனத்துக்கிட்டப் பேசறவர்னு என்னையும் கார்ல ஏத்திக்கிட்டாங்க. கேட்டுல போய் ஹாரன் அடிச்சோம். துளசிங்கம் ஓடி வந்து தெறந்தான். வெறைப்பா நின்னு சல்யூட் அடிச்சான். முதல் காருக்கு அடிச்சான், ரெண்டாவது காருக்கு அடிச்சான். ரெண்டாவது கார்ல நான் இருந்தேன். கண்ணாடி வழியா என்னைப் பாத்தான். பாத்துட்டும் கையை எறக்கல. முறைப்படி அடிக்கணும் இல்ல? அவனும் வேலையில இருக்கான், நானும் வேலையில இருக்கேன்.

அவங்க உள்ள சுத்திப் பாத்தாங்க. பெரிய கொட்டகை. மெஷின் இருந்த எடமெல்லாம் தரையில போல்ட்டு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்குது. இருபது வருஷம் வரி கூடாதுன்னாங்க. மாவட்டம் சரின்னாரு. எதிர்க்கட்சிக்காரனும் போன வாரம் இருபத்தஞ்சு தர்றோம்னு பேசியிருக்கானாம், அதனால நாமளும் யோசிப்போம்னாரு. அவங்க அப்படியே கெளம்பிட்டாங்க. கார்ல எடம் இல்லன்னு என்னை பஸ்ல வரச் சொன்னாங்க. ரோட்டுல வெயில். பஸ் வர நேரம் ஆகும்.

"மாமா, வாங்க. அக்கா சோறு குடுத்தனுப்பியிருக்கு"ன்னு துளசிங்கம் கூப்பிட்டான்.

கொட்டகைக்குள்ள நெழல்ல உக்காந்தோம். கேரியரைப் பிரிச்சான். காராமணிக் கொழம்பு, முட்டை. ரெண்டு முட்டை இருந்துச்சு. அவனுக்குக் கட்டினதுதான், ஆனா ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை எனக்கு வெச்சான். சாப்பிட்டோம். வேதவல்லி கைப்பக்குவம் மாறவே இல்ல. அதை அவன்கிட்டச் சொல்லல.

நாங்க பகையாளி இல்ல சார். என்னிக்கும் ஒரு வார்த்தை அவன் என்னைக் கேட்டதில்ல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். எங்கிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்குது, பேசிப் பேசித் தேஞ்ச பதில். அவன் கேக்கல. கேரியரை அடுக்கிக்கிட்டே ஒண்ணுதான் கேட்டான்.

"மாமா, இந்தத் தடவை எத்தனை வருஷம் சொல்லியிருக்காங்க?"

"இருபது. இருபத்தஞ்சும் ஆகலாம்"னேன்.

அவன் மேல இருக்கற தகரத்தைப் பாத்தான். கணக்குப் போட்டான்னு நெனைக்கறேன். அப்புறம் என் தோள் மேல கையை வெச்சான். அவன் அப்படி வெச்சதே கெடையாது, மரியாதை பாக்கறவன்.

"அது முடியறப்ப நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன் மாமா"ன்னான்.

கேலியாச் சொல்லல சார். கோவமாவும் சொல்லல. நல்ல சேதி சொல்ற மாதிரி, மெதுவா, எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னான்.

நானும் ஆமான்னேன்.